லூசுக்கு எத்தனை ஓ

எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் தெரியாதவர்கள் உண்டு. லூஸ் தெரியாதவர்கள் கிடையாது. திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டில் எந்தக் கடை முன்னால் இறங்கினாலும் அந்தச் சொல் காதில் விழும். மளிகைக் கடையில் லூஸ் எண்ணெய். பால்காரரிடம் பாக்கெட்டில் அடைக்காத லூஸ் பால். கோழிப்பண்ணை வாசலில் அட்டையில் அடுக்காத லூஸ் முட்டை. தையல் கடையில் யூனிஃபார்முக்கு அளவு கொடுக்கிற அம்மாக்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல், "லூசா வெச்சுத் தைங்க, வளர்ற பையன்" என்பார்கள். பையன் வளர்வதற்குள் பள்ளிக்கூடம் யூனிஃபார்மை மாற்றிவிடும். வயிற்றுப்போக்கு என்று வாய்விட்டுச் சொல்ல எங்களுக்குக் கூச்சம்; லூஸ் மோஷன் என்றால் அதே சமாசாரம் சட்டை போட்டுக்கொண்டு வந்தமாதிரி இருக்கும். போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்கோ நட்டும் லூஸ், பூமியும் லூஸ்.

கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துவிட்டால் அது மனிதர்களுக்கு. லூசு. மூளையில் எங்கோ ஒரு திருகாணி கழன்றவன் என்று அர்த்தம். அந்த அர்த்தத்திலும் இரண்டு உண்டு. எதிர்வீட்டுக்காரி சண்டையில் சொன்னால் திட்டு. கட்டிய புருஷன் போனில், "அட லூசு, சாப்புட்டியா?" என்றால் கொஞ்சல். எது எதுவென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதே ஒலியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. இழந்துபோவது என்று அர்த்தம். வெள்ளைக்காரர் வாயில் இரண்டும் வேறு வேறு. ஒன்றின் முடிவில் பாம்பு சீறும், மற்றதன் முடிவில் வண்டு முரலும். நம் வாயில் இரண்டும் பாம்புதான். அதனால் பேசும்போது வம்பில்லை, எழுதும்போதுதான் வம்பு. ஒரு ஓ போட்டால் இழப்பு. இரண்டு ஓ போட்டால் தளர்ச்சி. ஊரில் பாதிப்பேர் இழக்க வேண்டிய இடத்தில் தளர்ந்துபோயிருக்கிறார்கள். 'ஆஃபரை லூஸ் செய்யாதீர்கள்' என்று ஜவுளிக்கடை விளம்பரம் வரும், இரண்டு ஓ போட்டு. நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு பயன்பட்டது இரண்டே காரியங்களுக்கு: இருமல் மருந்தின் அட்டையைப் படிக்க, ஊரார் எழுதுகிற ஓக்களை எண்ண.

என் மகன் பேசுவதற்குத் தாமதமானான். மூன்று வயதுவரை சுட்டிக் காட்டுவான், சிரிப்பான், அழுவான், சொல் வராது. சேலத்தில் ஒரு டாக்டர், நாமக்கல்லில் ஒரு டாக்டர், ஈரோட்டில் காதைப் பரிசோதிக்கிற ஒரு இடம் என்று அலைந்தோம். எல்லாரும், "பேசுவான், பொறுமையா இருங்க" என்றார்கள். பொறுமை என்ற மருந்துக்கும் தனியாக ஃபீஸ் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே என் வீட்டுக்காரர் வழி உறவுக்காரம்மா ஒருவர் கேட்டார்: "ஏனுங் கண்ணு, பையன் கொஞ்சம் லூசுங்களா?"

எவ்வளவு மரியாதை பாருங்கள். 'ங்க' போட்டுக் கேட்டார். எங்கள் ஊரில் குத்துவதானாலும் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் குத்துவார்கள். நானும் மரியாதையாக, "இல்லீங்க" என்றேன். சொன்ன பிறகு ஒரு மாதம் அந்த 'இல்லீங்க'வைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கலாமோ? உறுதியாகச் சொல்லியிருந்தால் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பாரோ?

மூன்றேகாலில் அவன் பேசினான். ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை, 'போலாம்' என்றான். டாக்டரின் காத்திருப்பு அறையில். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. ஆனால் எனக்குள் அந்தப் பந்தியும் பாயசமும் நிறுத்தவில்லை.

இது நடந்தது அவன் யூ.கே.ஜி. முடிக்கிற சமயம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் யூ.கே.ஜி.யிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போவதென்பது பக்கத்து அறைக்குப் போவதில்லை. அதற்கு ஒரு தேர்வு, ஒரு நேர்காணல், வகுப்பு மிஸ்ஸின் 'ஒப்பீனியன்'. ஒப்பீனியன் சரியில்லை என்றால், "உங்க பையனுக்கு வேற ஸ்கூல் சூட் ஆகும்" என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை அனுப்பப்பட்டது. அதற்கப்புறம் அந்தக் குழந்தையைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் பார்த்தார்கள். என் பையனை யாரும் அப்படித் தலையைச் சாய்த்துப் பார்க்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்கு இன்னொரு பெருமை உண்டு. வளாகத்துக்குள் தமிழ் பேசக் கூடாது. பேசினால் குழந்தையின் சட்டையில் ஒரு நீல அட்டையைக் குத்தி அனுப்புவார்கள். அட்டை சேர்ந்தால் ஒப்பீனியன் கெடும். பெற்றோருக்கு வருகிற செய்திகளும் இங்கிலீஷில்தான் வரும். வகுப்பு மிஸ் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்கு இங்கிலீஷ் எழுதுவதென்றால் கிணற்றில் இறங்குகிற மாதிரி. ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்து இறங்குவார்.

ஒரு நாள் காலை, பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தோசை மாவை ஆட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. மிஸ்தான். "ரெஸ்பெக்டட் பேரண்ட், யுவர் வார்டு இஸ் லூஸ். கைண்ட்லி மீட்."

உங்கள் பிள்ளை லூஸ். தயவுசெய்து வந்து பார்க்கவும்.

கையில் மாவோடு அப்படியே நின்றேன். முதலில் எண்ணியது ஓவைத்தான். இரண்டு. பிழையில்லாமல் எழுதியிருந்தார். அதுதான் வம்பு. ஒரு ஓ இருந்தால், எதிலோ தோற்றுவிட்டான், எதையோ தொலைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். தொலைந்தேபோய்விட்டானோ என்றும் தோன்றியிருக்கும், அது வேறு. இரண்டு ஓவும் சரியாக இருக்கிறபோது, சொல்லவேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறார்.

மாமனார் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் லாரி வைத்திருந்தவர். செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"வார்டு லூஸாமா?" என்றார். "எந்த வார்டுங் கண்ணு? நம்ம வார்டு கவுன்சிலரு நல்லாத்தான இருக்கறாப்ல?"

"வார்டுன்னா பையனுங்க மாமா."

"பையனுக்கு எதுக்கு வார்டு? ஆஸ்பத்திரியிலயா போட்டிருக்கறாங்க?" எழுந்தே விட்டார். "வயித்தால போகுதாக்கும். நேத்தே சொன்னன், அந்தப் பானிபூரிய வாங்கிக் குடுக்காதன்னு. உன்ற புருசனும் சின்னதுல இப்பிடித்தான். லூஸ் லோடு ஏத்துனாப்பல, வழி நெடுக."

அவர் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. வயிறுதான்! வயிறாக இருக்கட்டும் கடவுளே! எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரவேண்டுமென்று இவ்வளவு உருக்கமாக வேண்டியிருக்க மாட்டாள். பதில் எழுத உட்கார்ந்தேன். 'என்ன சொல்கிறீர்கள் மேம்' என்று எழுதி அழித்தேன்; அதட்டுகிற மாதிரி இருந்தது. 'தயவுசெய்து விளக்க முடியுமா' என்று எழுதி அழித்தேன். என் இங்கிலீஷைக் காட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. கடைசியில், "லூஸ் மோஷனா மேம்?" என்று மட்டும் அனுப்பினேன், கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டு.

பதில் உடனே வந்தது. "நோ மேம். லூஸ் ஒன்லி. டெய்லி லூஸ். பிரின்சிபால் சார் வெரி ஆங்ரி. டுமாரோ கம்."

வெறும் லூஸ்தான். தினமும் லூஸ். பிரின்சிபாலுக்குக் கடுங்கோபம். நாளை வரவும்.

போனில் இருக்கிற அகராதியைத் திறந்தேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தங்கள் வரிசையாக வந்து நின்றன. கட்டவிழ்ந்த. பிடிப்பற்ற. சிதறலான. ஒழுக்கம் தளர்ந்த. அவிழ்த்துவிடப்பட்ட, நாய் முதலியன. ஒவ்வொன்றாக என் மகனுக்குப் போட்டுப் பார்த்தேன். தையல்காரரிடம் நான் லூசாகத் தைக்கச் சொன்ன டிரவுசர் உள்பட எல்லாமே பொருந்துகிற மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ இருந்தார். போன் போட்டேன். பின்னால் கம்ப்ரசர் இரைந்தது.

"ஸ்கூல்ல பையன லூசுன்னு எழுதியிருக்கறாங்க" என்றேன்.

"எங்க லூஸ்?"

"எங்கன்னு இல்லீங்க. பையனே லூசாமா."

"சத்தத்துல கேக்கல, இரு." கொஞ்ச தூரம் நடந்திருப்பார்போல. "இதுக்கு ஏன் அழுவுற? இங்க தெனமும் லூசு மண்ணுதான். லூசா இருந்தா நாங்க என்ன பண்றோம், கேசிங் பைப்ப எறக்குறோம். சரிஞ்சு விழுவாது. பையன் லூசா இருந்தா டியூசன எறக்கு."

"வெளையாடாதீங்க."

"வெளையாடல. பாறை எங்கியும் ஓடிப் போவாது, கீழதான் இருக்கும். நீ போயிப் பேசு. இங்கிலீஷ் படிச்சவ நீதான?" என்று சொல்லிவிட்டு, "அட லூசு, அழுவாம சாப்புடு" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் அது உறைத்தது. இந்த மனிதர் ஸ்பீக்கரில் வாரத்துக்கு எத்தனை தடவை எனக்கு இந்தப் பட்டத்தைக் கொடுக்கிறார்! பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான், சிரிப்பான். அதைப் போய் வகுப்பில் யாரிடமாவது சொல்லியிருப்பானோ? மிஸ்ஸிடமே சொல்லியிருப்பானோ? அப்படியானால் அவன் லூசு இல்லை, ஒழுக்கம் கெட்டவன். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்தேன். ஒழுக்கம் கெட்டவன் என்பது பரவாயில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் வந்ததும் தோசையை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். சட்டையில் நீல அட்டை குத்தியிருந்தது.

"சாமி, மிஸ்ஸ நீ லூசுன்னு சொன்னியா?"

"இல்ல."

"அப்ப வேற யார லூசுன்ன?"

"யாரையும் இல்ல." தோசையைக் கிழித்தான். "லூசு மிஸ் தலைக்கு மேல இருக்குது."

எனக்குத் தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது. "தலைக்கு மேல என்ன சாமி இருக்குது?"

"லூசுதான். தெனமும் அங்கதான் இருக்குது." கையைத் தூக்கி உத்தரத்தைக் காட்டினான். "நான் சொன்னா மிஸ் அட்டை குத்தறாங்க."

மாமனார் உத்தரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. "பேன் கீது இருக்குமோ, அந்தம்மா தலையில?" என்றார் அவர். யார் தலைக்கும் மேலே இல்லாததைப் பார்க்கிற குழந்தைகளைப் பற்றிப் போனில் தேடினேன். அப்படித் தேடினால் என்னென்ன வரும் என்பதை எந்த அம்மாவுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். ரொம்ப நல்ல புடவையாக இருக்கிறதோ என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு சந்தேகம். பிரின்சிபால் அறையில் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மிஸ் சுவரோரமாக நின்றார். பிரின்சிபால் மேஜையில் ஒரு டிவி. அதில் எல்லா வகுப்புகளும் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிந்தன. நடந்த பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். மூன்று பேரும் தமிழர்கள், மூன்று பேரும் தமிழில் யோசித்து, அதை மொழிபெயர்த்து, அடுத்தவர் அதை மறுபடி தமிழாக்கிப் புரிந்துகொள்ளும்வரை காத்திருந்தோம். அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

"உங்கள் பையன் வகுப்பில் கெட்ட வார்த்தை சொல்கிறான்" என்றார் பிரின்சிபால். "மிஸ்ஸைப் பார்த்து, விரலை நீட்டி, தினமும் லூசு என்று சொல்கிறான்."

"லூஸ் சேயிங் மேம்" என்றார் மிஸ், தரையைப் பார்த்தபடி. "மெசேஜில் சேயிங் என்பது விட்டுப்போய்விட்டது."

ஒரு சொல் விட்டுப்போனதற்கு நான் ஒரு இரவு முழுக்கப் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். 'லூஸ் என்கிறான்' என்பதில் 'என்கிறான்' விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது என் மகன் மட்டும். ஆனாலும் நெஞ்சில் காற்று வந்தது. அவன் லூசு இல்லை. அவன் சொல்கிறவன்தான்.

"மன்னிக்கணும் சார்" என்று ஆரம்பித்தேன். "வீட்டில்..."

"கெட்ட வார்த்தை ஒரு பக்கம் இருக்கட்டும்" என்று பிரின்சிபால் கையை உயர்த்தினார். "அவன் தமிழில் பேசுகிறான். அதுதான் எங்கள் விதிக்கு விரோதம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "லூஸ் இங்கிலீஷ் வார்த்தைதானே சார்?"

"லூஸ் இங்கிலீஷ். லூசு தமிழ்" என்றார். அவர் முகத்தில் ஒரு நீதிபதியின் தெளிவு இருந்தது. "கடைசியில் 'உ' வந்தால் தமிழ்."

"ஆமாம் சார்" என்றார் மிஸ்.

நானும் தலையாட்டினேன். நல்ல விதிதான். அதே நேரத்தில் வாசலில் எட்டிப் பார்த்த ஆயாவிடம் பிரின்சிபால், "அந்த பென்ச்ச இப்பிடிப் போடுங்க. பஸ்ஸு வந்துருச்சா?" என்று கேட்டார். ஆயாவிடம் மட்டும் தமிழ் பேசலாம்போல. பென்ச்சும் பஸ்ஸும் எந்தப் பக்கம் சேர்த்தி என்று கேட்க நாக்கு வந்தது. ஒப்பீனியன் நினைவுக்கு வந்ததும் நாக்கு திரும்பிப் போனது. லூஸ் இங்கிலீஷ் என்று வாதாடி ஜெயித்தால், மிஸ்ஸை இங்கிலீஷில் திட்டியவன் ஆகிறான். தமிழ் என்று ஒத்துக்கொண்டால், தமிழ் பேசியவன் ஆகிறான். பிரின்சிபாலுக்கு இரண்டாவதுதான் பெரிய குற்றம். எனவே என் மகன் மிஸ்ஸை நல்ல இங்கிலீஷில் திட்டினான் என்று நிரூபிக்க வேண்டிய நிலையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"இப்படி இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கு எங்கள் பள்ளி அவனுக்கு சூட் ஆகுமா என்று யோசிக்க வேண்டும்" என்றார்.

வந்துவிட்டது. அந்த 'சூட்' என்ற சொல். எதிர்வீடு, பக்கத்து வீடு, பந்தி, பாயசம், எல்லாத் தலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அந்தப் பயத்தில்தான் எனக்கு வாய் வந்தது. "சார், அவன் மிஸ்ஸைச் சொல்லவில்லை என்கிறான். மிஸ் தலைக்கு மேலே என்னவோ இருக்கிறது என்கிறான். ஒரு தடவை அவனையே காட்டச் சொல்லலாமா?"

மிஸ் தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், எழுந்தார்.

யூ.கே.ஜி. அறையில் நாங்கள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து, "குட் மார்னிங் சார்" என்று இழுத்துப் பாடினார்கள். என் மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்காதே என்று கண்ணால் சொன்னேன். மிஸ்ஸைக் கரும்பலகைக்கு முன்னால், தினமும் நிற்கிற இடத்தில், நிற்கச் சொன்னார்கள். அவர் படமெடுக்க நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"சாமி..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷுக்கு மாறினேன். "எங்கே இருக்கிறது, காட்டு."

அவன் விரலை நீட்டினான். மிஸ்ஸின் முகத்துக்கு நேராகத்தான் முதலில் தெரிந்தது. பிறகு பார்த்தால் விரல் அவர் தலைக்கு மேலே போயிற்று. கரும்பலகைக்கு மேல், சுவரின் அகலத்துக்கு, ஒரு நீல ஃபிளெக்ஸ். பள்ளியின் சின்னத்தோடு, பிரின்சிபாலின் கையெழுத்தோடு. 'ஸ்பீக் ஒன்லி இங்கிலீஷ். அதர்வைஸ் யூ வில் லூஸ் த சீட்.' இங்கிலீஷ் மட்டும் பேசு. இல்லையென்றால் சீட்டை இழப்பாய்.

இழப்பாய் என்ற இடத்தில் இரண்டு ஓ.

"எல், டபுள் ஓ, எஸ், ஈ" என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தான் என் மகன். "டபுள் ஓ வந்தா ஊ. மூன், ஸ்பூன், லூசு!"

படித்துவிட்டு மிஸ்ஸைப் பார்த்தான், இப்போதும் அட்டை குத்துவீர்களா என்பதுபோல.

முதலில் பேசியது மிஸ்தான். "டபுள் ஓ நான் சொல்லிக் கொடுத்தது மேம்" என்றார், அப்படியே தமிழில். "வேற எந்தப் பிள்ளையும் இன்னும் வெளியில பார்த்துப் படிக்கல மேம். இவன்தான் மொத. நான் கவனிக்கவே இல்ல பாருங்க." கண் நிறைந்திருந்தது. அவருக்கு நீல அட்டை குத்த யாரும் அங்கே முன்வரவில்லை.

மூன்றேகால் வருஷம் ஒரு சொல்லுக்கு ஏங்கிய எனக்கு, என் மகன் தானாகப் படித்த முதல் இங்கிலீஷ் சொல் இதுவாக அமைந்தது.

சந்தோஷப்பட்டு முடிவதற்குள் என் குணம் தலைகாட்டியது. ஒரு ஓவா, இரண்டு ஓவா? உண்மையில் எது சரி? பத்துப் பதினைந்து வருஷமாக ஊரார் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கே கலங்கிவிட்டிருந்தது. ஒருவேளை இரண்டு ஓவும் செல்லுமோ? இவ்வளவு பெரிய ஃபிளெக்ஸ், இவ்வளவு பெரிய சின்னம், கையெழுத்து வேறு. சேலையைச் சரிசெய்கிற மாதிரி வெளியே திரும்பி, போனில் பார்த்தேன். டிகிரியைவிடப் போனை நம்பினேன். ஒரு ஓதான்.

"சார்" என்றேன், முடிந்தவரை பணிவாக. "போர்டில் ஓர் ஓ அதிகமாக இருக்கிறதோ என்று..." 'இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். 'இருக்கிறதோ' என்றுதான் வந்தது.

பிரின்சிபால் போர்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மேல்வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்தார், போர்டை நீளமாகப் பார்த்தார், அதன் கீழே இருந்த கையெழுத்தை அதைவிட நீளமாகப் பார்த்தார். "இரண்டும் வழக்கத்தில் உண்டு சார்" என்றார்.

"ஃபிளெக்ஸ் கடைக்காரன் தப்பு" என்றார் பிரின்சிபால்.

"ஆமாம் சார், ஃபிளெக்ஸ் கடைக்காரன் தப்பு" என்றார் இங்கிலீஷ் சார். இரண்டும் வழக்கத்தில் உள்ள ஒன்றில் எப்படித் தப்பு வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நடைபாதையில் பார்த்தேன். எல்லா வகுப்பிலும் அதே போர்டு. மாடிப்படியில் ஒன்று. பள்ளி வேனின் முதுகில் ஒன்று. அது ஊரெல்லாம் சுற்றி, எல்லாருடைய சீட்டையும் தளர்த்திக்கொண்டிருந்தது.

அறைக்கு வந்ததும் பிரின்சிபாலின் குரலில் ஒரு குழைவு வந்திருந்தது. "பையன் நல்லாப் படிக்கிறான். இதை மிஸ் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒன்றாம் வகுப்பு சீட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்." வாசல்வரை வந்தார். இதுவரை எந்தப் பெற்றோருக்கும் அவர் வாசல்வரை வந்ததில்லை என்று ஆயா பின்னால் சொன்னார். அங்கே குரலைத் தாழ்த்தி, தமிழிலேயே சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுங்க மேடம். சுவத்துல இருக்கறதையெல்லாம் அவன் சத்தமாப் படிக்க வேண்டாம்னு கொஞ்சம் சொல்லி வைங்க. மனசுக்குள்ள படிச்சாப் போதும்."

"சரிங்க சார்" என்றேன். நான் எதற்குத்தான் சரியென்று சொல்லவில்லை!

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப பையனுக்கு வயித்தால போவலியாக்கும்" என்றார். கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது. வயிற்றுப்போக்குக்கு நல்லதென்று மாதுளை வாங்கி வைத்திருந்தார்.

ஒன்றாம் வகுப்பு தொடங்கிய வாரம், பையனைக் கூட்டிவரப் போயிருந்தேன். போர்டுகள் மாறவில்லை. புது ஃபிளெக்ஸ் அடிக்காமல், ஒவ்வொரு போர்டிலும் இரண்டாவது ஓவின்மேல் சதுரமாக வெள்ளை ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியிருந்தார்கள். நீலத்தின்மேல் வெள்ளையாக, பல் விழுந்த இடம் மாதிரி. முன்பு யாரும் நிமிர்ந்து பார்க்காத போர்டை இப்போது எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கேட்டுக்குப் பக்கத்துப் போர்டின் முன்னால் என் மகன் நின்றுவிட்டான். வாய்க்குள் எழுத்துக்கூட்டினான். பிறகு என் முந்தானையை இழுத்து, காதோடு, "அம்மா, லோஸ்னா என்ன?" என்றான்.

"லோஸ் இல்ல சாமி. அத லூஸ்னுதான் படிக்கோணும்."

அவன் போர்டைப் பார்த்தான். ஸ்டிக்கரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மொதல்லயும் லூஸ்தான?"

"ஆமா."

"இப்பவும் லூஸ்தான?"

"ஆமா."

"அப்பறம் எதுக்கு ஒட்டுனாங்க?" இதைக் காதோடு கேட்கவில்லை. சத்தமாகக் கேட்டான்.

முன்னால் போன ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கு மேலே கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அர்த்தம் சொல்லலாம். ஒரு ஓவுக்கும் இரண்டு ஓவுக்கும் உள்ள வித்தியாசத்தை, பாம்பையும் வண்டையும் சொல்லலாம். அதற்கு முன்னால் அவன் வாய் அடுத்த கேள்விக்குத் திறந்துவிட்டது. அது என்ன கேள்வி என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. மனிதர்களுக்குப் போடுகிற உகரம் போட்டு எழுதியிருந்தது.

பிரின்சிபாலிடம் சரியென்று சொன்னது நினைவிருந்தது. வாயைப் பொத்தக் கை எழுந்தது. டாக்டர் டாக்டராக அலைந்து, காதைப் பரிசோதித்து, வராதா வராதா என்று காத்துக்கிடந்த அதே வாய். கையைக் கீழே இறக்கினேன்.

"கேட்டத் தாண்டி வந்து சொல்லு சாமி" என்றேன். "எவ்வளவு சத்தமா வேணும்னாலும் சொல்லு."

தாண்டினோம். சொன்னான். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.